குகுரெல்லா கையில பட்டது பெனால்டியா, இல்லையா?

6 ஜூலை 2024, காலை 7.10

கோத்தகிரிக்காரர் ஒருத்தர் கேட்டது: "நேத்து ராத்திரி ஸ்டுட்கார்ட்ல, யூரோ கோப்பை காலிறுதியில, ஜெர்மனியோட மூசியாலா அடிச்ச பந்து ஸ்பெயினோட குகுரெல்லா கையில நேராப் பட்டுச்சு. நடுவர் கொடுக்கலை, வீடியோ பார்த்துச் சொல்ற விஏஆரும் வாயைத் திறக்கலை. போன வாரம் டென்மார்க்காரன் கையில லேசா உரசினதுக்குப் பெனால்டி. அப்புறம் எதுக்கு அந்த டிவி பெட்டி? அணிக்கு ஏழு பேர் ஆடற செவன்ஸ்ல விசில் ஊதற ஆளு நீங்க, சொல்லுங்கண்ணா."

சொல்றேன். ரெண்டுக்குமே கொடுத்திருக்கக் கூடாது. இதுதான் என் பக்கம். காரணத்தை ராத்திரி எழுதறேன், இப்போ தேயிலைக் கொழுந்து நிறுக்கப் போகணும். தூங்கவே இல்லை, ஆட்டம் முடியறப்போ மணி பன்னிரண்டைத் தாண்டிருச்சு. ஸ்பெயினோட மெரினோ 119ஆவது நிமிஷத்துல தலையால போட்டதும் எதிர்வீட்டு ஜெர்மனி ரசிகர் லைட்டை அணைச்சுட்டார்.

6 ஜூலை 2024, இரவு

ஹேண்ட்பாலுக்கு, அதாவது கையில பந்து படறதுக்கு, விதி சொல்றது இது. வேணும்னே கையால தொட்டா குற்றம். வேணும்னே இல்லாட்டியும், கையை வெச்சு உடம்பை இயல்புக்கு மாறாப் பெரிசாக்கியிருந்தா குற்றம். குகுரெல்லா கை விலாவோட ஒட்டியும் இல்லை, சிறகு மாதிரி விரிஞ்சும் இல்லை, கீழே தொங்கிட்டுப் பின்னால போயிட்டு இருந்தது. நடுவர் ஆண்டனி டெய்லர் அதைப் பார்த்துட்டுத்தான் ஆட்டத்தை விட்டார். விஏஆர் தலையிடணும்னா "தெளிவான, வெளிப்படையான தவறு" இருக்கணும். களத்துல ஒருத்தர் நேராப் பார்த்து முடிவெடுத்த விஷயத்தை, அறையில உட்கார்ந்திருக்கறவர் எனக்கு வேற மாதிரி தோணுதுன்னு மாத்த முடியாது.

ஆனா எனக்கு உறுத்துற விஷயம் வேற. பந்து கோலை நோக்கித்தான் போச்சு. ஜெர்மனிக்காரன் கோபத்துல நியாயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

அடிப்படைப் பிரச்சனை கேமரா இல்லை, தண்டனையோட அளவுதான்னு நினைக்கறேன். 1891ல பெனால்டியை விதிப்புத்தகத்துல ஏத்தினாங்க. யோசனை கொடுத்தவர் வில்லியம் மெக்ரம்னு ஒரு அயர்லாந்துக்காரர், அவரே கோல்கீப்பர். கோலுக்குப் பக்கத்துல வேணும்னே காலைத் தட்டறவனுக்கும், ஆளைப் பிடிச்சு இழுக்கறவனுக்கும், வேணும்னே கையால நிறுத்தறவனுக்கும்னு கொண்டு வந்தது. அயோக்கியத்தனத்துக்கான தண்டனை. 11 மீட்டர்ல பந்து, எதிர்ல கீப்பர் மட்டும். 2018 உலகக் கோப்பையில 29 பெனால்டி கொடுத்தாங்க, 22 கோல். அதாவது பெனால்டி கொடுக்கறது கிட்டத்தட்ட முக்கால் கோலைத் தூக்கிக் கொடுக்கற மாதிரி. முதுகைத் திருப்பிக் குதிக்கறவன் முழங்கையில பந்து பட்டதுக்கு முக்கால் கோலா?

முதுகைத் திருப்பினவன்னு சொன்னது பிஎஸ்ஜி கிளப்போட கிம்பெம்பேவை. 2019 மார்ச் 6, பாரிஸ். மான்செஸ்டர் யுனைடெட்டோட டாலோ தூரத்துல இருந்து அடிச்சது அவன் கையில பட்டு வெளிய போச்சு. மைதானத்துல நடுவர் ஸ்கோமினா முதல்ல கொடுத்தது கார்னர்தான். அப்புறம் மைதானத்து ஓரத்துல இருக்கற விஏஆர் திரை, அப்புறம் பெனால்டி, ராஷ்ஃபோர்ட் கோல், பிஎஸ்ஜி வெளியே. அந்த ராத்திரியில இருந்துதான் எனக்கு இந்த எண்ணம் ஓடுது.

கேமரா வர்றதுக்கு முன்னாடி நடுவர்கள் இந்த அளவுப் பிரச்சனையைச் சத்தமில்லாம சரிக்கட்டிட்டு இருந்தாங்க. சின்ன ஹேண்ட்பாலா, பார்க்காத மாதிரி இருந்துடுவாங்க. நானும் அப்படித்தான். கோலுக்கு முன்னால இருக்கற பெனால்டி பெட்டிக்குள்ள கையில பட்டதுன்னு எட்டு பேர் என்னைச் சுத்தி நின்னு கத்துவாங்க. "தெரியலப்பா, ஆடு"ன்னுடுவேன். தெரிஞ்சிருக்கும். திரை வந்த பிறகு "தெரியல"ன்னு சொல்ற வழி அடைஞ்சுபோச்சு. 2014 உலகக் கோப்பையில மொத்தமே 13 பெனால்டி. நாலே வருஷத்துல 29. ஆட்டக்காரர்கள் திடீர்னு கெட்டவங்க ஆகலை.

7 ஜூலை 2024

"அப்போ கேமராவே வேண்டாமா? கத்தார் மேட்ச் மறந்துபோச்சா?"ன்னு ஒருத்தர்.

மறக்கலை. ஜூன் 11, தோஹா. சாங்தே போட்ட கோல்ல இந்தியா முன்னால இருக்கு. 73ஆவது நிமிஷம் பந்து முழுசா எல்லைக்கோட்டைத் தாண்டிடுச்சு, அதை இழுத்துட்டு வந்து அய்மன் அடிக்கறான், கோல்னு கொடுத்தாங்க. அந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுல விஏஆர் கிடையாது. 2-1 தோல்வி, இந்தியா வெளியே. அன்னிக்கு நான் திட்டினதை இங்க எழுத முடியாது.

ஆனா பாருங்க, அது இடம் சம்பந்தப்பட்ட கேள்வி. பந்து கோட்டைத் தாண்டுச்சா, தாண்டலையா. அதுக்குக் கேமரா கட்டாயம் வேணும். எங்க எஸ்டேட்ல எலக்ட்ரானிக் தராசு வந்தப்போ கொழுந்து எடையில சண்டை குறைஞ்சுது. ஆனா மழைக்காலத்துல ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிக்கறதுங்கறது இன்னிக்கும் சாக்குல கையை விட்டுப் பார்க்கற ஆளோட முடிவுதான், தராசுக்கு அது தெரியாது. ஹேண்ட்பால் அந்த ஈரக் கழிவு ரகம். பட்டுச்சான்னு கருவி சொல்லும். தண்டிக்கணுமான்னு சொல்லாது.

டார்ட்முண்ட்ல ஜூன் 29 ஜெர்மனி–டென்மார்க் ஆட்டத்துல நடந்தது அதுதான். ஜெர்மனியோட டேவிட் ராவும் அடிச்ச கிராஸ் டென்மார்க்கோட ஆண்டர்சன் கையில உரசினதைப் பந்துக்குள்ள இருந்த சென்சார் காட்டுச்சு. டிவியில இசிஜி மாதிரி ஒரு கோடு துள்ளுச்சு. சில நிமிஷம் முன்னாடிதான் அதே ஆண்டர்சன் போட்ட கோலை, டிலேனியோட பாதம் இம்மியளவு முன்னால இருந்ததுன்னு ஆஃப்சைடுல கழிச்சிருந்தாங்க. ஆஃப்சைடு எடுத்ததுல எனக்குக் குறை இல்லை, அது அளவு. பெனால்டி கொடுத்ததுலதான் குறை. டென்மார்க் கோச் யுல்மாண்டும் ஆட்டம் முடிஞ்சு ஹேண்ட்பால் விதியைக் கேலி பண்ணினார்.

(அந்த ஆட்டம் இடி மழையால நடுவுல நின்னுது. நம்ம தேவாலாவுல அந்த மாதிரி மழைக்கெல்லாம் நிறுத்தினா ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் யாரும் பந்தையே தொட முடியாது.)

8 ஜூலை 2024

பந்தலூர் தம்பி கேட்டதுக்கு: ஆமா, இடைவேளையில பெனால்டி கொடுத்தது நிஜமாவே நடந்தது. 2018 ஏப்ரல் 16, மைன்ஸ்–ஃப்ரைபுர்க். முதல் பாதி முடிஞ்சு ஆட்டக்காரங்க உடை மாத்தற அறைக்கே போயிட்டாங்க. விஏஆர் கூப்பிட்டு ஹேண்ட்பால்னு சொல்ல, நடுவர் எல்லாரையும் திரும்ப வரவெச்சு உதைக்க விட்டார். டி பிளாசிஸ் கோல் போட்டதும் மறுபடியும் இடைவேளை. 2020ல பிரைட்டன்–மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்துல கடைசி விசிலே ஊதின பிறகு பிரைட்டனோட மோப்பே கையில பட்டதுக்குக் கொடுத்தாங்க, யுனைடெட்டோட புரூனோ போட்டுட்டான்.

நம்ம பக்கம் இடைவேளையில எல்லாரும் கட்டன் சாயா கடையில நிப்பாங்க. கூப்பிட்டாலும் வர மாட்டாங்க.

11 ஜூலை 2024, விடியக்காலை

இப்பதான் இங்கிலாந்து–நெதர்லாந்து அரையிறுதி முடிஞ்சது. இங்கிலாந்தோட கேன் பந்தை உதைச்சு முடிச்சாச்சு, பந்து மேல பறந்துட்டு இருக்கு, நெதர்லாந்தோட டம்ஃப்ரீஸ் தடுக்க நீட்டின காலோட அடிப்பக்கம் கேன் பாதத்துல இறங்குது. நடுவர் ஸ்வாயர் முதல்ல ஒண்ணும் கொடுக்கலை. திரைக்குப் போனார், கொடுத்தார்.

இது ஹேண்ட்பால் இல்லை, அதனால என் வாதத்துல ஒட்டாதுன்னு நினைச்சேன். யோசிச்சா ஒட்டுது. நடுக்களத்துல இதே மாதிரி பட்டிருந்தா ஃப்ரீகிக் கொடுத்துட்டு எல்லாரும் அடுத்த வேலையைப் பார்ப்போம். பெட்டிக்குள்ள அதே உதை முக்கால் கோல். அதனாலதான் டிஃபெண்டர் எல்லாம் கையைப் பின்னால கட்டிக்கிட்டு, பள்ளிக்கூடத்துல தண்டனை வாங்கின பையன் கணக்கா ஓடறாங்க. அப்படி ஓடிப் பாருங்க, ஈரத்தரையில நாலு அடி தாண்டாது, விழுந்துடுவீங்க.

"2021லயும் இங்கிலாந்துக்கு விஏஆர்தான் டென்மார்க் மேட்ச்ல பெனால்டி கொடுத்துச்சு"ன்னு மேல எழுதினவருக்கு: இல்லைங்க. ஸ்டெர்லிங் விழுந்ததும் களத்துலயே நடுவர் மக்கேலி கொடுத்துட்டார். விஏஆர் அதை மாத்தலை, அவ்வளவுதான். கேன் அடிச்சதை டென்மார்க் கீப்பர் ஷ்மைக்கேல் தடுத்தான், திரும்பி வந்ததைக் கேனே போட்டான். கொடுத்ததை மாத்தலைங்கறதும் கொடுக்கச் சொன்னாங்கறதும் வேற வேற.

இன்னொண்ணு, முந்தாநாள் மியூனிக் அரையிறுதியில குகுரெல்லா பந்தைத் தொடும்போதெல்லாம் ஜெர்மனிக்காரங்க ஊளை விட்டாங்க. அவன் என்ன பண்ணுவான் பாவம், விசில் அவன் வாயிலயா இருந்துச்சு?

14 ஜூலை 2024

பாலிடெக்னிக் படிக்கற தம்பி ஒருத்தர், "ஸ்லோமோஷன்ல பார்த்தா உண்மை தெளிவாத் தெரியுதே, ஏன் பிடிக்கலை"ன்னு கேட்டிருக்கார்.

விஏஆர் நெறிமுறையே இதுக்குப் பதில் வெச்சிருக்கு தம்பி. எந்த இடத்துல பட்டது, பந்து வெளிய போச்சா மாதிரி விஷயத்துக்குத்தான் ஸ்லோமோஷன். மோதல் எவ்வளவு பலம், ஹேண்ட்பால் குற்றமாங்கறதை எல்லாம் சாதாரண வேகத்துல பார்த்துத்தான் தீர்மானிக்கணும். எழுதியே வெச்சிருக்காங்க. ஏன்னா மெதுவா ஓட்டினா எல்லாமே வேணும்னே பண்ணின மாதிரி இருக்கும். கை பந்துக்குப் போற மாதிரி, அவனுக்கு ஒதுக்க நேரம் இருந்த மாதிரி. நிஜத்துல கண்ணிமைக்கற நேரம்கூட இருந்திருக்காது.

2018 இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கா? குரோஷியாவோட பெரிசிச் கை. நடுவர் பிட்டானா திரைக்குப் போறார், பார்க்கறார், கிளம்பறார், நின்னு திரும்பிப் போய் மறுபடி பார்க்கறார். அப்புறம் பெனால்டி, பிரான்ஸோட கிரீஸ்மேன் கோல். ரெண்டாவது தடவை பார்க்க வேண்டியிருந்தா அது எந்த ஊர்த் தெளிவு? உலகக் கோப்பை வரலாற்றுல விஏஆர் சொல்லி வந்த முதல் பெனால்டியும் அதே தொடர்ல அதே கிரீஸ்மேனுக்குத்தான், கசான்ல, ஆஸ்திரேலியாவுக்கு எதிரா. முதலும் அவன்தான், இறுதி ஆட்டத்துலயும் அவன்தான்.

நியூகாஸில் விஷயத்தையும் சேர்த்துக்கங்க. 2023 நவம்பர் 28, பிஎஸ்ஜிக்கு எதிரா, பந்து நியூகாஸிலோட லிவ்ரமெண்டோ விலாவுல பட்டுத் தெறிச்சு முழங்கைக்குப் போச்சு. உடம்புல பட்டுத் தெறிச்சதைத் தண்டிக்க வேண்டாம்னு அந்த வருஷம்தான் ஐரோப்பியக் கால்பந்து சங்கமான யுஇஎப்ஏவோட ஆலோசனைக் குழு சொல்லியிருந்துது. இருந்தும் கொடுத்தாங்க, எம்பாப்பே 98ஆவது நிமிஷத்துல போட்டான். அந்த விஏஆர் ஆளை அடுத்த நாள் வேற ஆட்டத்துல இருந்து எடுத்துட்டாங்க. நியூகாஸில்காரனுக்கு அதனால என்ன லாபம்?

18 ஜூலை 2024

ரெண்டு நாளா கரண்ட் இல்லை, டவரும் இல்லை. கேட்டவங்களுக்குப் பதில் போடாதது அதனாலதான். இறுதி ஆட்டத்துல பெனால்டியே இல்லாததால சண்டைக்கும் ஒண்ணும் இல்லை.

28 செப்டம்பர் 2024

கோத்தகிரிக்காரர் வெற்றிச் சிரிப்போட செய்தி அனுப்பியிருக்கார். குகுரெல்லா கைக்குப் பெனால்டி கொடுத்திருக்கணும்னு யுஇஎப்ஏ நடுவர் குழுவே சொல்லிடுச்சாம். "இப்ப என்னண்ணா சொல்றீங்க?"

ஜூலையில சொன்னதையேதான். ஒரு கை, ஒரு பந்து, அதே படம். தொடர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இந்த மாதிரி கையைத் தண்டிக்க வேண்டாம்ங்கற போக்குல விளக்கம் கொடுத்தாங்க. ஆட்டத்தன்னிக்கு ரெண்டு நடுவர் இல்லைன்னாங்க. ரெண்டு மாசம் கழிச்சு அதே வீட்டுக்காரங்க ஆமாங்கறாங்க. விதியை ஊட்டி மலைப்பாதை கணக்கா வருஷத்துக்கு ஒரு வளைவு வளைக்கறாங்க.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? இந்த 2024–25 விதியில, வேணும்னே இல்லாத ஹேண்ட்பாலால கோல் வாய்ப்பைத் தடுத்து பெனால்டி கொடுத்தா இனி சிவப்பு அட்டை இல்லை, மஞ்சள்தான். ஆக, வேணும்னே பண்றதும் தெரியாமப் படறதும் ஒண்ணு இல்லைன்னு அவங்களே அட்டையில ஒத்துக்கிட்டாங்க. உதையில மட்டும் ஒத்துக்க மனசு வரலை. தெரியாமப் பட்டதா, இன்டைரக்ட் ஃப்ரீகிக் கொடுங்க, அதாவது நேரா கோல் அடிக்க முடியாத உதை. என் கட்சி இதுதான்.

19 ஜனவரி 2025

செவன்ஸ் சீசன். நேத்து ராத்திரி, ஊர் பேர் வேண்டாம், கமுகு மரம் கட்டின காலரி, ஃப்ளட்லைட், மைக்ல மலையாளமும் தமிழும் கலந்து ஒருத்தர் தொண்டை கிழியக் கத்தறார். கடைசி அஞ்சு நிமிஷம். பெட்டிக்குள்ள ஒரு கை. நான் ஆடச் சொன்னேன். பந்து வெளிய போனதும் காலரியில இருந்து ஒருத்தர் செல்போனைத் தூக்கிக்கிட்டு மைதானத்துக்குள்ள வந்துட்டார். "ரெஃப்ரி, இதா, நோக்கு."

பார்க்கலை. பார்க்க எனக்கு அதிகாரமும் இல்லை. அவர் விடலை, என் மூக்குக்கு நேரா நீட்டறார். அதுக்குள்ள எதிரணி ஆள் ஒருத்தர் தன்னோட போனை எடுத்துட்டு வர்றார், அவர் கோணத்துல கையே தெரியலையாம். ரெண்டு போன், ரெண்டு உண்மை, நடுவுல நான் விசிலோட. கமிட்டி ஆளுங்க வந்து ரெண்டு பேரையும் சாயா வாங்கிக் கொடுக்கறேன்னு கூட்டிட்டுப் போனாங்க.

ஃபிஃபா இப்போ குறைஞ்ச கேமரா இருக்கற போட்டிக்கு ஒரு முறையைச் சோதிச்சிட்டு இருக்கு. தனி விஏஆர் அறை கிடையாது. கோச் கேட்டா நடுவரே போய் ரீப்ளே பார்ப்பார், ஆட்டத்துக்கு ரெண்டு தடவை கேட்கலாம். போன வருஷம் கொலம்பியாவுல 20 வயசுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில வெச்சுப் பார்த்தாங்க. நல்ல யோசனைதான், ஆனா அங்க படம் ஒரு இடத்துல இருந்து வருது. இங்க காலரி முழுக்க கேமராமேன்தான்.

ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்துல வெச்சா இன்னும் அழகு. பனிமூட்டம் இறங்கினா மைதானத்துல இருக்கற எனக்கே எதிர் கோல்போஸ்ட் தெரியாது. அங்க எந்தக் கோணத்துல ரீப்ளே பார்க்கறது?

சண்டை முடிஞ்சு வண்டியில வரும்போது கமிட்டித் தலைவர்கிட்ட என் இன்டைரக்ட் யோசனையைச் சொன்னேன். செவன்ஸ் எப்படியும் ஃபெடரேஷன் விதிக்குள்ள வராது, ஆஃப்சைடே நமக்குக் கிடையாது, வெச்சுப் பார்க்கலாமேன்னேன். "காலரிக்காரன் ஒத்துக்க மாட்டான்"னார். ஆனா மாட்டேன்னு சொல்லலை.

13 மார்ச் 2025, காலை 5.30

நோன்பு மாசம். சஹருக்கு எழுந்தவங்க, தூங்காமலே உட்கார்ந்திருந்தவங்கன்னு எங்க தெருவுல பாதிப் பேர் நாலு மணிக்கு சாம்பியன்ஸ் லீக்ல அட்லெட்டிகோ–ரியல் ஷூட்அவுட்டை, அதாவது சமனான பிறகு பெனால்டி உதைகளால முடிவு பண்றதை, நேரலையில பார்த்துட்டாங்க. அட்லெட்டிகோவோட ஹூலியன் ஆல்வரெஸ் வழுக்கிட்டே அடிச்சான், கோல். அப்புறம் நின்ன காலும் பந்தைத் தொட்டுச்சுன்னு விஏஆர் கழிச்சிருச்சு. 4-2, ரியல் உள்ளே. சோத்துல கையை வெச்சுட்டு எங்க பக்கத்து வீட்டு இக்கா கேட்டார்: "டேய், யாருக்குடா அது தெரிஞ்சுது?"

எங்க தெருவுல யாருக்கும் தெரியலை. நடுவர் மார்சினியாக்குக்குத் தெரியலை, பாதி நேரம் ஆல்வரெஸுக்கே தெரிஞ்சிருக்காது. விதிப்படி சரிதான். உதைக்கறவன் ரெண்டு தடவை தொடக் கூடாது. நான் ஜூலையில இடம் சம்பந்தப்பட்டதுக்குக் கேமரா வேணும்னு சொன்னேனே, அந்தக் கணக்குல இதுவும் அளவுதான், கேமரா பக்கம்தான் நான் நிக்கணும். நிக்க முடியலை. வழுக்கினதால அவனுக்கு என்ன லாபம்? எதை ஏமாத்தினான்?

2019 பெண்கள் உலகக் கோப்பை ஞாபகத்துக்கு வருது. கீப்பர் கால் கோட்டை விட்டு இம்மியளவு வந்தாலும் திரும்ப உதைன்னு பிடிச்சாங்க. ஸ்காட்லாந்து 3-0ல இருந்து 3-3 ஆகி வெளிய போச்சு. கடைசி பெனால்டியை லீ அலெக்ஸாண்டர் தடுத்தே தடுத்தாங்க, மறுபடி உதைக்கச் சொன்னாங்க. அப்படி முன்னால வந்தா கீப்பருக்கு மஞ்சள் அட்டைன்னும் விதி. ஷூட்அவுட்ல மட்டும் அந்த அட்டை வேண்டாம்னு தொடர் நடக்கும்போதே விதி எழுதற ஐஎஃப்ஏபி மாத்துச்சு. அளவு சரியா இருந்தாலும் அதுக்குக் கிடைக்கற தண்டனை கோணலா இருந்தா ஆட்டம் கோணலாகும். என் பழைய பிரிவினையை விட இதுதான் பக்கத்துல வருதுன்னு தோணுது.

தூக்கம் வருது.

27 ஏப்ரல் 2025

கமிட்டி ஒத்துக்கிச்சு! முதல் சுற்றுக்கு மட்டும். தெரியாமக் கையில பட்டா பெட்டிக்குள்ள அதே இடத்துல இன்டைரக்ட், வேணும்னே பண்ணினா பெனால்டி. வேணும்னேவா இல்லையாங்கறது என் முடிவு.

மூணாவது ஆட்டத்துல வந்துச்சு. கோல்ல இருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. ஏழு பேரும் கோல் லைன்ல கைகோத்து நிக்கறாங்க, கீப்பர் நடுவுல. அவங்களை அடுக்கி, பந்தை வெச்சு, முன்னால ஓடி வர்றவனைத் திருப்பி அனுப்பி, ஒரு சாயா குடிக்கற நேரம் ஆச்சு. காலரி சிரிக்குது. மைக்காரர் கல்யாண குரூப் ஃபோட்டோன்னுட்டார். ஒருத்தன் தட்டினான், அடுத்தவன் முழு பலத்தோட அடிச்சான். லைன்ல நின்ன ஒருத்தன் முகத்தைக் காப்பாத்த கையைத் தூக்கினான், கையில பட்டுத் தெறிச்சுது.

முகத்துக்கு நேரா வந்த பந்து. வேணும்னேவா? ஆமா, கையைத் தூக்கினான். மூக்கு உடையாம இருக்கத்தான் தூக்கினான். ஆனா பந்து கோலுக்குள்ள போயிட்டு இருந்துது. நான் பெனால்டி கொடுத்தேன். கோல். தோத்த அணி கமிட்டி மேஜையைச் சுத்தி அரை மணி நேரம் நின்னுது.

அரையிறுதியில இருந்து பழைய விதி.

5 ஜூன் 2025

ஐஎஃப்ஏபி ஆல்வரெஸ் விவகாரத்துக்கு விளக்கம் கொடுத்துட்டாங்க. தெரியாம ரெண்டு தடவை பட்டு கோல் ஆனா, திரும்ப உதைக்கணும். கழிக்க மாட்டாங்க. அட்லெட்டிகோவுக்கு இனி இதனால ஒண்ணும் இல்லை, ஆனா "தெரியாம" பண்ணினதுக்கு வேற தண்டனைங்கறதை உதையிலயே முதல் தடவை எழுதியிருக்காங்க. பக்கத்து வீட்டு இக்காவுக்குச் சொன்னேன். "மூணு மாசம் கழிச்சா?"ன்னார்.

8 ஜூன் 2025

கோத்தகிரிக்காரர் கேட்கறார்: ஏப்ரல் கூத்துக்குப் பிறகும் இன்டைரக்ட்தான் வேணுமா?

இன்டைரக்ட் இல்லை. லைன்ல ஏழு பேர் நிக்கறதுதான் அதைக் கெடுத்துது. இப்ப யோசிக்கறது, தெரியாமப் பட்ட ஹேண்ட்பாலுக்குப் பெட்டியோட விளிம்புல, நேர் எதிர்ல பந்தை வெச்சு டைரக்ட் ஃப்ரீகிக். வழக்கமான தூரத்துல சுவர் நிக்கட்டும். மைக்காரருக்கு ஃபோட்டோ கிடைக்காது. கமிட்டித் தலைவர் நவம்பர்ல பார்க்கலாம்னு சொல்லியிருக்கார். அதுக்கு முன்னாடி தூரம் எவ்வளவுன்னு முடிவு பண்ணணும். நம்ம மைதானத்துல விளிம்புக்கும் கோலுக்கும் இடையில சுவர் வெச்சா கீப்பருக்குப் பந்தே தெரியாதுன்னு கூடலூர் கீப்பர்கள் ரெண்டு பேர் இப்பவே சண்டைக்கு வந்துட்டாங்க. வேற தூரம் தோணினா எழுதுங்க.